துர்துக்கில் இரவு தங்கத்தான் வேண்டுமா?

விஜி அரும்பாக்கம்

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு லடாக் போகிறோம். அப்பாவுக்கு 64, அம்மாவுக்கு 60. லேயில் ஓய்வு, கார்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு, அங்கே ஹுந்தரில் தங்கல், பிறகு பாங்கோங் ஏரிக்கரையில் ஒரு இரவு என்று டிராவல்ஸ்காரர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் எல்லையோரக் கிராமமான துர்துக்கையும் சேர்க்கச் சொன்னேன். "ஹுந்தரிலிருந்து காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிடலாம் மேடம், அங்க ரெண்டு மணி நேரம் போதும்" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், அது போதுமா? பெற்றோரை வைத்துக்கொண்டு அங்கே தங்க முடியுமா?

பைக் சரவணன்

தாராளமா போதும் மேடம். ஹுந்தர்ல இருந்து சுமார் 80 கி.மீ. தான். ஷியோக் ஆத்தை ஒட்டியே ரோடு, தோய்ஸ், போக்தாங், சாலுங்கா எல்லாம் தாண்டிப் போகணும். நாங்க நேரா தாங் போயிட்டோம். எல்லைக் கோட்டுக்கு முன்னாடி நமக்கு இருக்கிற கடைசி கிராமம் அது. அங்க பைனாகுலர் வெச்சிருப்பாங்க, அந்தப் பக்கத்து ஊர் வீடுகளே தெரியும். திரும்பற வழியில துர்துக்ல சாப்பிட்டு ஊரைச் சுத்திப் பாத்துட்டு, இருட்டறதுக்குள்ள ஹுந்தர் வந்துட்டோம். வாழ்க்கையில ஒரு தடவையாவது அந்த எல்லையைக் கண்ணால பாக்கணும், உடம்பு சிலிர்க்கும். ஆனா ஒரு பகல் போதும். தங்கற ராத்திரியைப் பாங்கோங்குக்குக் குடுங்க.

பனிக்கோடு

சரவணன் சொல்லும் தூரமும் வழியும் சரி. முடிவு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. விஜி, உங்கள் பெற்றோரின் வயதைப் பார்த்தால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாங்கோங் 4,200 மீட்டருக்கும் மேல். துர்துக் 3,000 மீட்டரை ஒட்டியது, லேயைவிடத் தாழ்வு. உயர மலையில் உடம்பைப் படுத்துவது பகலில் ஏறும் கணவாயைவிட இரவில் படுத்துத் தூங்கும் உயரம்தான். அறுபது தாண்டியவர்கள் பாங்கோங்கில் தூக்கமில்லாமல், தலைவலியோடு விடியும்வரை உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். துர்துக்கில் நிம்மதியாகத் தூங்குவார்கள். லேயில் குறைந்தது இரண்டு இரவு முழு ஓய்வு. கார்துங் லா 5,300 மீட்டருக்கு மேல், அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் கடந்துவிடுங்கள். பாங்கோங்கை ஹுந்தரிலிருந்து லேக்குத் திரும்பியபின் பகலில் பார்த்துக்கொள்ளலாம், விட்டாலும் நஷ்டமில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வண்டி கீழே சாலையோடு நின்றுவிடும். ஊர் மேலே இருக்கிறது. ஓடையைப் பாலத்தில் தாண்டி, கல் படிகளில் ஏறி, வாய்க்கால் வரப்பில் நடந்துதான் பெரும்பாலான வீடுகளுக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் தொந்தரவு இருந்தால் சாலைக்கு அருகிலேயே வீடு கேளுங்கள்.

இனி ஊரைப் பற்றி. ஆகஸ்ட் கடைசி என்றதும் எனக்கே பொறாமையாக இருக்கிறது. லடாக்கின் பெரும்பகுதியில் வருடத்துக்கு ஒரே போகம். துர்துக் தாழ்வாக இருப்பதால் இரண்டு. பார்லியை அறுத்த கையோடு அதே வயலில் பக்வீட் விதைத்துவிடுவார்கள். நீங்கள் போகும்போது அது பூத்து நிற்கும், படிப்படியாக இறங்கும் வயல்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும். பாறை மலை மொட்டையாக நிற்கிறது, அதன் காலடியில் இத்தனை பச்சை. எல்லாம் அந்த ஓடைத் தண்ணீர். ஊருக்குள் தெருவுக்குத் தெரு வாய்க்கால் பிரித்துவிட்டிருக்கிறார்கள். நடக்கும்போது அதில் கால் வைக்காதீர்கள், குப்பை போடாதீர்கள். வயலுக்குப் போவதும் வீட்டுக்குப் போவதும் அதே தண்ணீர்தான்.

வீட்டுக் கூரைகள் தட்டையானவை. அவற்றின் மேல் பாதாமிப் பழம், அதாவது ஆப்ரிகாட், கொட்டையை எடுத்துவிட்டுக் காயப் போட்டிருப்பார்கள். கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்து எண்ணெய் ஆட்டுவார்கள். பழமும் வீண் இல்லை, கொட்டையும் வீண் இல்லை. நீளமான குளிர்காலத்துக்கு இதுதான் சேமிப்பு.

நீங்கள் அவசியம் கேட்டுப் பார்க்க வேண்டியது நாங்சுங். மலையடிவாரத்துப் பாறைக் குவியலின் இடுக்குகளிலிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டே இருக்கும். அந்த இடமாகத் தேர்ந்து அதன்மேல் சின்னக் கல் அறை கட்டியிருக்கிறார்கள். கோடையில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதும் உள்ளே கையை நீட்டினால் சில்லென்று இருக்கும். வெண்ணெய், இறைச்சி, பால் எல்லாம் அங்கேதான். கரண்ட் வருவதற்குப் பல தலைமுறை முன்பே இவர்களிடம் இது இருந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் வந்து போகிறவர்களுக்கு இதை யார் நின்று காட்டுவார்கள்? அவை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமானவை. வீட்டு விருந்தாளியாக இருந்தால் அவர்களே அழைத்துப் போவார்கள்.

விஜி அரும்பாக்கம்

உயரக் கணக்கை யாருமே இப்படிச் சொல்லவில்லை, மிக்க நன்றி. அப்பா சரித்திரப் பைத்தியம். ஊர் 1971 வரை பாகிஸ்தானிடம் இருந்தது என்று படித்துவிட்டு என்னைக் குடைகிறார். போர் முடிந்ததும் இரண்டு நாடும் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்தனவே, இது மட்டும் எப்படி நம்மிடம் நின்றது?

ஏடு புரட்டுபவன்

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், கேட்க வேண்டிய கேள்வி. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

துர்துக் மக்கள் பால்டி இனத்தவர். மொழி திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது, மதம் இஸ்லாம். ஷியோக் ஆறு இவர்கள் ஊரைக் கடந்து, இப்போது பாகிஸ்தான் வசம் இருக்கும் பால்டிஸ்தானுக்குள் கப்லு பக்கம் போய், ஸ்கர்து நகருக்கு அருகே கெரிஸ் என்ற இடத்தில் சிந்துவோடு கலக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு, பெண் கொடுத்து எடுத்த உறவு. கப்லுவை ஆண்ட யப்கோ வம்சத்தின் ஒரு கிளை துர்துக்கிலும் இருந்தது. அவர்களுடைய பழைய வீடு இப்போது சிறு அருங்காட்சியகம், வம்சாவளியைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பாவை அங்கே விட்டுவிட்டால் அரை நாள் ஓடிவிடும்.

ஜம்முவை ஆண்ட டோக்ரா அரசின் படைத்தலைவர் ஜோராவர் சிங் 1840இல் பால்டிஸ்தானைப் பிடித்தபின், லேயும் ஸ்கர்துவும் ஜம்மு காஷ்மீர் அரசின் கீழ் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. 1947–48 போரில் ஸ்கர்து பாகிஸ்தான் பக்கம் போனது. அதோடு துர்துக், தியாக்ஷி, சாலுங்கா, தாங் போன்ற ஊர்களும் அந்தப் பக்கம். அதற்கு முந்தைய போக்தாங் இந்தப் பக்கம். அதுவும் பால்டி ஊர்தான்.

1971 டிசம்பரில் இந்திய ராணுவத்தின் லடாக் ஸ்கவுட்ஸ் படை வீரர்கள் மேஜர் சேவாங் ரிஞ்சென் தலைமையில் இந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். அவர் நுப்ராவிலேயே சுமூர் ஊரில் பிறந்தவர். 1948 போரில் மகாவீர் சக்கரம் வாங்கியபோது பதின்வயது இளைஞர், 1971க்காக இரண்டாம் முறையும் அதே விருது. துர்துக் கைக்கு வந்த சில நாட்களில், டிசம்பர் 17 அன்று, போர் நிறுத்தம்.

இப்போது அப்பாவின் கேள்வி. 1972 ஜூலை 2 அன்று சிம்லாவில் கையெழுத்தான ஒப்பந்தம் இரண்டு விதமாகப் பேசுகிறது. சர்வதேச எல்லையில் பிடித்த பகுதிகளிலிருந்து இரு படைகளும் தத்தம் பக்கம் திரும்ப வேண்டும். ஜம்மு காஷ்மீரில் மட்டும் 1971 டிசம்பர் 17 போர் நிறுத்தத்தில் உருவான கட்டுப்பாட்டுக் கோட்டை இரு தரப்பும் மதிக்க வேண்டும். துர்துக் இந்த இரண்டாவது கணக்கில் விழுந்தது. அதனால்தான் ராஜஸ்தான் எல்லையில் நாம் பிடித்தவை திரும்பிப் போயின, துர்துக் போகவில்லை.

அன்றைக்கு ஊரில் இல்லாதவர்களை நினைத்துப் பாருங்கள். படிக்கப் போனவர்கள், வேலைக்குப் போனவர்கள், ஸ்கர்துவுக்குச் சந்தைக்குப் போனவர்கள். கோடு அவர்களுக்கும் ஊருக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

வல்வைத் தென்றல்

இழையைத் தொடக்கத்தில இருந்து வாசிச்சுக்கொண்டு வாறன். நான் ரொறன்ரோவில இருக்கிறன், சொந்த இடம் வடமராட்சி. இரண்டு வருசத்துக்கு முதல் குடும்பமாத் துர்துக் போனனாங்கள்.

சரவணன் தம்பி, பைனாகுலர் பற்றி எழுதினீங்கள். உங்களில கோபம் இல்லை. நானும் தாங் வரைக்கும் போனன். ஆனால் நான் அதை வாங்கிப் பார்க்கேல்லை. எதிர்ப்பக்கம் தெரியிற வீட்டில யாரோ ஒரு மனுசிக்கு இந்தப் பக்கம் தமக்கை இருப்பா. ஆற்றங்கரையால நடந்து போற தூரம். 2025இல பஞ்சாப் எல்லை பூட்டுறதுக்கு முதலே, அந்த மனுசியைப் பார்க்க வேணுமெண்டால் இங்க இருக்கிறவ டெல்லி வரைக்கும் போய் விசாவுக்கு நிக்க வேண்டியிருந்தது, கிடைச்சால் அந்த எல்லையால சுத்திப் பிறகு மலையேற வேண்டியிருந்தது. கிடைக்காமலே செத்துப் போனவை எத்தனை பேர். கார்கில் ஸ்கர்து பாதை 1948இல பூட்டினது பூட்டினதுதான்.

பாதை பூட்டியிருக்கேக்க ஊருக்கு வெளியில நிக்கிறது எப்பிடியெண்டு எங்கட சனத்துக்கு விளங்கும். அப்பா செத்தவீட்டுக்குப் போக ஏலாமல் இருந்த பிள்ளையள் எங்கட ஒழுங்கையிலேயே இருக்கினம். அதால சொல்லுறன், அங்க போய் வயசுபோன ஆக்களிட்ட "உங்களுக்கு அந்தப் பக்கம் ஆர் இருக்கினம்?" எண்டு முதல் கேள்வியாக் கேளாதேங்கோ. அவையளே சொன்னால் இருந்து கேளுங்கோ.

பைக் சரவணன்

அக்கா, நீங்க சொல்றது மனசைத் தொடுது. ஆனா ஒரு விஷயத்தை நான் விட்டுக்குடுக்க மாட்டேன். தாங் வியூ பாயின்ட்ல கடை போட்டு, பைனாகுலர் வெச்சு, டீ வித்து வாழறவங்க அந்த ஊர் ஆளுங்கதான். அவங்களே கூப்பிட்டுக் காட்டறாங்க. நாங்க நாலு பேர் போய்ப் பாத்தா அது அவங்களுக்கு வருமானம். துர்துக்கை 2010ல தான் டூரிஸ்ட்டுக்குத் திறந்து விட்டாங்க, அதுவரை அந்த ஊருக்கு ராணுவ வேலையை விட்டா வேற என்ன இருந்துது? எல்லாரும் மரியாதைன்னு சொல்லிப் போகாம இருந்தா அவங்களுக்கு என்ன லாபம்?

போன தடவை எடுத்த படம் போடறேன், பாருங்க எவ்ளோ அழகான ஊர்.

[படங்கள்: 6]

மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவிலிருந்து இரண்டு படங்களை நீக்கியிருக்கிறேன். வயலில் வேலை செய்யும் பெண்களின் முகம் அருகில் தெரியும் படங்கள் அவை. உறுப்பினர்கள் இருவர் முறையிட்டார்கள். மற்ற படங்கள் இருக்கட்டும். விவாதத்தைத் தொடருங்கள்.

பைக் சரவணன்

திறந்த வயல், பொது வழி. தப்பா எதுவும் எடுக்கல. எடுத்துட்டீங்க, சரி. ஆனா எனக்கு இதுல சம்மதம் இல்ல.

மேலப்பாளையம் ஜமீலா

முறையிட்டவர்களில் நானும் ஒருத்தி, அதனால் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தம்பி, அது உங்களுக்கு வழி, அவர்களுக்கு வீட்டின் நீட்சி. வாய்க்கால் ஓரம், களம், வயல் எல்லாமே பெண்கள் புழங்கும் இடம். படம் எடுக்க வேண்டாம் என்று ஊருக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். கேமராவைப் பார்த்ததும் அந்தப் பெண்கள் துப்பட்டாவை இழுத்து முகத்தைத் திருப்புவார்கள், பார்த்திருப்பீர்கள். அதற்குமேல் அவர்கள் எப்படிச் சொல்ல வேண்டும்? வயல், மலை, மசூதி எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். ஆள் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

நான் போனபோது கேமராவைப் பையில் போட்டுவிட்டேன். ஸலாம் சொன்னதும் ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டு அடுப்படியில் உட்கார வைத்தார்கள். எனக்குப் பால்டி தெரியாது, அந்த வீட்டுப் பாட்டிக்கு உருது கொஞ்சம்தான். என் கையில் ஒரு கிண்ணம் ஆப்ரிகாட் கொட்டையைக் கொடுத்து உடைக்கச் சொன்னார், உடைத்தேன். அங்கே கல்லைக் குடைந்த சமையல் பாத்திரம் ஒன்று இருந்தது. எங்கள் உம்மம்மா மீன் குழம்பு வைக்கும் கல்சட்டிபோலவே கனம், அதே எண்ணெய்க் கருப்பு. பாட்டியிடம் சைகையில் கேட்டேன், மாமியார் வழி வந்ததாம்.

பக்வீட் மாவில் தோசைக்கல்லில் ஊற்றிச் சுடும் கிசிர் கொடுத்தார்கள். தொட்டுக்கொள்ளத் தயிரில் மலைக்கீரை அரைத்துக் கலந்தது. வால்நட் அரைத்த குழம்பில் மாவுத் துண்டுகளைப் போட்டு இன்னொன்று. காரமே கிடையாது, வால்நட்டின் மணம் மட்டும். விஜி, உங்கள் அம்மாவுக்குக் காரம் இல்லாமல் இறங்காது என்றால் கொஞ்சம் ஊறுகாய் கொண்டுபோங்கள். ஆனால் முதலில் அதை அப்படியே ருசித்துப் பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆப்ரிகாட் பருப்பில் இனிப்பு வகை உண்டு, கசப்பு வகை உண்டு. கசப்புப் பருப்பு உடம்புக்குள் சயனைடு விஷத்தை உண்டாக்கும். கசந்தால் துப்பிவிடுங்கள், எத்தனை சின்னதாக இருந்தாலும். மரத்திலிருந்து கேட்காமல் பழம் பறிக்காதீர்கள், கேட்டால் அவர்களே மடி நிறையக் கொடுப்பார்கள்.

மசூதி பற்றி யாரும் எழுதவில்லையே. ஊரில் பெரும்பான்மையோர் நூர்பக்ஷியா வழியைச் சேர்ந்தவர்கள். சூஃபி மரபிலிருந்து வந்த ஒரு பிரிவு, உலகத்திலேயே பெரும்பாலும் பால்டிஸ்தான் பக்கம்தான் இருக்கிறார்கள். பால்டி நாட்டுக்கு இஸ்லாத்தைக் கொண்டு வந்தவராக 14ஆம் நூற்றாண்டின் சையித் அலி ஹமதானியை மரியாதையோடு நினைக்கிறார்கள். பழைய மர மசூதியின் தூண் வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மேலே குன்றில் ஒரு சிறு பௌத்த மடம் தெரிந்தது. ஊரில் பௌத்தர் இல்லை. மடம் நிற்கிறது, பழுது பார்க்கிறார்கள். இதையும் உங்கள் அப்பாவுக்குச் சொல்லுங்கள்.

முன்னாள் ஹவில்தார்

அந்தப் பக்கம் பணியில் இருந்தவன். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

பாலம், ராணுவ வண்டி, முகாம், சோதனைச் சாவடி, எதையும் படம் எடுக்காதீர்கள். ட்ரோன் கொண்டு போகவே வேண்டாம். வடக்கே சியாச்சின் இருக்கிறது, இந்தப் பாதை முழுக்க எங்கள் ஆட்களின் உயிர்நாடி. எல்லையில் நிலைமை சரியில்லை என்றால் தாங் பக்கம் மூடிவிடுவார்கள். யாரிடமும் வாதாட வேண்டாம்.

இரண்டாவது, அந்த ஊர்ச் சனம். பனியில், நாங்கள் மூச்சு விடத் திணறும் உயரத்தில், முதுகில் மண்ணெண்ணெயும் ரேஷனும் சுமந்து வந்த போர்ட்டர்களில் துர்துக் பையன்கள் நிறையப் பேர். 1999 கார்கில் போரின்போது அந்தப் பகுதியிலும் சண்டை நடந்தது. வெளியிலிருந்து வருகிறவர்கள் சிலர் அவர்களிடம் "நீங்க இந்தியாவா பாகிஸ்தானா, எது பிடிக்கும்?" என்று கேட்பதைக் காதால் கேட்டிருக்கிறேன். எனக்கு ரத்தம் கொதித்தது. சுமை தூக்கியவனை அப்படிக் கேட்கலாமா?

பனிக்கோடு

ஹவில்தார் ஐயா சொன்னதை நூறு முறை வழிமொழிகிறேன். நாலு ஆட்சிகளைப் பார்த்த கிழவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். மகாராஜா ஆட்சியில் பிறந்து, பாகிஸ்தானில் படித்து, இந்தியாவில் பிள்ளை பெற்று, 2019 அக்டோபர் 31க்குப் பிறகு யூனியன் பிரதேசக் குடிமகனாக இருப்பவர், தன் வீட்டைவிட்டு ஒரு நாளும் நகராமலே. அவரிடம் போய் விசுவாசச் சான்றிதழ் கேட்பது அநியாயம்.

சரவணன் வருமானம் பற்றிக் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன், அதில் உண்மை இருக்கிறது. வர வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, நன்றாக வரவேற்கிறார்கள். ஆனால் பகலில் வந்து திரும்பும் வண்டி ஊரில் விட்டுச் செல்வது ஒரு டீ, ஒரு சாப்பாட்டுக் காசு. இரவு தங்கினால் அறை வாடகை, இரண்டு வேளைச் சாப்பாடு, கிளம்பும்போது காய்ந்த ஆப்ரிகாட், எண்ணெய், வால்நட், எல்லாமே வயலும் மரமும் வைத்திருக்கும் குடும்பத்துக்கே போகிறது. லடாக்கின் ரக்ட்சே கார்போ ஆப்ரிகாட்டுக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. லே கடைத்தெருவில் பொட்டலமாக வாங்குவதைவிட, கூரையில் காயப் போட்டவர் கையாலேயே வாங்குங்கள்.

இரவு தங்கச் சொல்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு. மதியம் வந்த வண்டிகள் போனபின் ஊர் தன் வேலைக்குத் திரும்புகிறது. ஆடு மாடு வீடு சேரும், யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் திருப்புவது என்று பேசிக்கொள்வார்கள், பிள்ளைகள் தூக்க முடியாத புல் கட்டோடு படியேறும். நம்மை வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டுப் பேச்சுக்கு வருவார்கள். பால்டிகள் கெசார் அரசனின் கதைப்பாட்டை இன்னும் மறக்காதவர்கள், போலோவும் அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அதையெல்லாம் கேட்டால் முகம் மலர்ந்து சொல்வார்கள். எல்லையைப் பற்றி மட்டுமே கேட்கும் ஆட்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு அலுத்திருக்கிறது.

பைக் சரவணன்

வாடகை, சாப்பாட்டுக் கணக்கு ஒத்துக்கறேன். அடுத்த தடவை தங்கிப் பாக்கறேன். பைனாகுலர் விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான், அதை நடத்தறவங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கு.

வல்வைத் தென்றல்

இருக்கு தம்பி, மறுக்கேல்லை. பாருங்கோ. பார்த்திட்டுச் சிரிச்சுச் செல்ஃபி எடுக்காமல் வந்தால் எனக்குக் காணும்.

விஜி அரும்பாக்கம்

எல்லோருக்கும் நன்றி. இப்போது திட்டம் இப்படி: லேயில் மூன்று இரவு, ஹுந்தரில் ஒரு இரவு, துர்துக்கில் இரண்டு இரவு, திரும்ப லே. பாங்கோங் இந்த முறை இல்லை. அம்மா அந்த இரண்டாவது இரவை அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள், ஜமீலா அக்காவின் பதிவைப் படித்துக் காட்டினேன். அனுமதிச் சீட்டு, பணம், போன் இவை பற்றி யாராவது சொல்ல முடியுமா?

பனிக்கோடு

எல்லைப் பகுதிக்குள் போக இந்தியர்களுக்குத் தேவைப்பட்ட உள்கோட்டு அனுமதிச் சீட்டு 2021 ஆகஸ்டில் நீக்கப்பட்டது, ஆனால் சுற்றுச்சூழல் கட்டணம் கட்டி ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். எல்லை விதிகள் அடிக்கடி மாறும், கிளம்பும் வாரத்தில் லே நிர்வாகத்தின் இணையதளத்தில் மறுபடி பாருங்கள். மூவரின் அசல் ஆதார் அட்டையும் சில நகல்களும் தேவை. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள். பணத்தை லேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கு நுப்ராவில் இருக்கும் டிஸ்கித்தான் கடைசி என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் டிரைவரிடம். டிஸ்கித்தில் மருத்துவமனையும் இருக்கிறது, அப்பாவின் மருந்துச் சீட்டு கைப்பையில் இருக்கட்டும்.

டிரைவருக்கும் துர்துக்கில் தங்க இடமும் சாப்பாடும் வேண்டும் என்பதை டிராவல்ஸ்காரரிடம் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். பல பேர் பகலிலேயே திரும்புவதற்குக் காரணம் இது ஒன்றுதான்.